கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த கதிரை

பழனியம்மா கொழும்புக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மாவும் அரிசியும் அற்றுப்போய், சனங்கள் கிழங்குத் தோலை அவித்துத் தின்ற காலம் அது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவளை அழைத்துவந்தவன், "சோத்துக்குக் கொறவிருக்காது" என்று அவளுடைய அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. சோற்றுக்குக் குறைவிருக்கவில்லை.

அன்றிலிருந்து பம்பலப்பிட்டி, பாமன்கடை, வெள்ளவத்தை என்று எத்தனையோ வீடுகள். அரைப்பாள், இடிப்பாள், பிழிவாள், தோய்ப்பாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், பெரியவர்களுக்குக் கால் பிடித்துவிடுவாள். வீட்டுக்குள் அவளுக்குத் தெரியாத காரியம் என்று ஒன்றுமில்லை. அந்த வீடுகளின் கதிரைகளில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்பது ஒன்றுதான் தெரியாது. நாள்தோறும் துடைத்தவள் அவள்தான். பிரம்புக் கதிரையின் பின்னல் இடுக்கில் தூசி எங்கே சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஆனால் இருந்ததில்லை. இருக்காதே என்று ஒருவரும் சொன்னதுமில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. குசினி அடுப்படியில் அவளுக்கென்று குந்த ஒரு பலகை இருந்தது, அவ்வளவுதான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், அவள் வேலைக்கு நின்ற வீடு எரிந்தது. வீட்டு அம்மாவும் அவளும் ஒரே சீலைத்தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, பள்ளிக்கூடமொன்றில் திறந்த அகதி முகாமில் பக்கத்தில் பக்கத்தில் தரையில் இருந்தார்கள்; ஒரே பேணியில் தண்ணீர் குடித்தார்கள். பிறகு புதுவீடு எடுத்தபோது அம்மாவுக்குக் கதிரை வந்தது. பழனியம்மாவுக்குப் பலகை வந்தது.

படம் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். வீடுகளில் ரீவி வந்த காலம் தொட்டு, வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடியோ, விறாந்தைத் தரையில் காலை நீட்டியபடியோ நூற்றுக்கணக்கான படங்கள் பார்த்திருந்தாள். ஆனால் ஒரு படத்துக்காவது முடிவு பார்த்ததில்லை. படங்கள் முடிகிற நேரமும் இடியப்பம் பிழிகிற நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. கதாநாயகி ரயில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருப்பாள், "பழனி, உலை கொதிக்குது!" என்று குரல் வரும். திரும்பி வரும்போது செய்தி ஓடிக்கொண்டிருக்கும். அவள் மனதுக்குள் எத்தனையோ கதாநாயகிகள் இன்னும் தண்டவாளத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஏழு சித்திரையில் அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. கொட்டாஞ்சேனையில், தோட்டமென்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்பொன்றில், ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும். புருசன் அழகுமுத்து துறைமுகத்துப் பக்கம் கைவண்டி தள்ளினான். அவள் தினமும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த ஐந்துமாடித் தொடர்மாடியொன்றில் நாலு வீட்டு வேலை செய்தாள். அதில் பெரிய வீடு சரோஜினிதேவி அம்மாவுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியை, பிள்ளைகள் கனடாவில், கணவர் காலமாகிவிட்டார். பதினைந்து வருடப் பழக்கம். கெட்ட மனுசி அல்ல. பழனியம்மாவின் கண்ணில் பூ விழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவர். தன் பழைய சீலைகளைத் தோய்த்து, மடித்துக் கொடுப்பவர். தேநீரைத் தனிக் கோப்பையில் கொடுப்பவரும் அவரே.

அந்த மாதம் தொடர்மாடியில் எல்லோரும் வெந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஒரு பக்கம். போன மாதம் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தில் ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்த பிறகு, இருட்டியதும் ஒருவரும் வெளிக்கிடுவதில்லை. பாடசாலை விடுமுறை வேறு. பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஏறி இறங்கி மண்டையை உடைத்துக்கொண்டன. தொடர்மாடிச் சங்கத் தலைவர் சண்முகலிங்கம், ஒரு காலத்தில் கணக்காளராகக் கோலோச்சியவர், ஒரு யோசனை சொன்னார். மொட்டைமாடியில் படம் போடலாம். மூன்றாம் மாடி யோகநாதன் தன் கம்பனியில் இருந்து ப்ரொஜெக்டர் கொண்டுவருவார். பொலிஸில் முன்கூட்டியே சொல்லி அனுமதி எடுத்துவிட்டால் பயமில்லை.

படிக்கட்டுச் சுவரில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பழனியம்மா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஞாயிறு மாலை. அனைவரும் வருக. கதிரைகளை அவரவர் கொண்டுவரவும்.

கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தாள். அப்போது சண்முகலிங்கம் பேப்பரை விரித்துப் பிடித்தபடியே படியேறி வந்தார்.

"ஐயா, அனைவரும்னா எல்லாருந்தானுங்களே?"

"ஓம், எல்லாரும்தான்."

"கதிரை கொண்டாரணுமுங்களா?"

"கட்டாயம். பிறகு கதிரை இல்லை, இடமில்லையெண்டு என்னோடை சண்டைக்கு வரக்கூடாது." யார் கேட்டார்கள் என்று அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

குசினியில் சரோஜினிதேவியும் அதைத்தான் கதைத்தார். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிண்டு போ பழனி. எல்லாருக்கும் தேத்தண்ணி குடுக்க ஆள் வேணும்."

"நானும் படம் பாக்கலாங்களா அம்மா?"

"பாரன். ஆர் வேண்டாமெண்டது? படி முடியிற இடத்திலை நிண்டால் வடிவாத் தெரியும்."

நின்றால். அந்தச் சொல்லையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பழனியம்மா பாத்திரங்களைத் துலக்கி முடித்தாள். பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டாள். இந்த ஒரு படத்தை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, கதிரையில் இருந்து பார்ப்பது. இடையில் எழும்புவதில்லை. வானம் இடிந்து விழுந்தாலும் எழும்புவதில்லை.

வீட்டில் இருந்தது ஒரே கதிரை. இரும்புக் குழாய்க் கால், சிவப்பும் வெள்ளையுமாய் வயர்ப் பின்னல். அதில் அழகுமுத்துதான் இருப்பான். வண்டி தள்ளிவிட்டு வந்து, அதில் சாய்ந்தால்தான் அவனுக்கு வீட்டுக்கு வந்ததாகப் படும்.

ஞாயிறு காலை அவள் கதிரையைக் கழுவித் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "யாரு வர்றாங்க?" என்றான்.

"யாரும் வரல. இது போவுது. வெள்ளவத்தைக்கு."

விசயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ புள்ள, கதிரையைத் தூக்கிக்கிட்டுப் படம் பாக்கப் போறவ ஒலகத்துல நீ ஒருத்திதான். ஒக்கார வுட மாட்டாங்க. தலையில வச்சுக்கிட்டுத் திரும்பி வருவ, பாரு."

"வந்தா வாறேன்."

"வேலை போனா?"

"போனா இன்னொரு வேலை."

அவன் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அது சரி, அதுவரைக்கும் நான் எதுல ஒக்காருறது?"

"முப்பது வருசமா நான் எதுல ஒக்காந்தேனோ அதுல ஒக்காருங்க" என்று சொல்லிக் கதிரையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அழகுமுத்து சற்றுநேரம் வாசற்படியையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தரையில் குந்தினான்.

பஸ்ஸில் கொண்டக்டர் கதிரைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னான். "அப்ப அதுல நான் ஒக்காந்துக்கிறேன், ஒரு டிக்கெட்டுத் தாங்க" என்றாள். பஸ்ஸே சிரித்தது, கொண்டக்டர் முன்னால் போய்விட்டான்.

கொள்ளுப்பிட்டிக்கு முன்னால் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நடந்தார்கள். வரிசையில் ஒரு கதிரையும் நடந்து வந்ததைக் கண்டு சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினான். நன்றாகச் சந்தேகப்பட வேண்டிய கதிரைதான். நாலு காலும் உள்ளே குழாய். குழாய்க்குள் எதையும் வைக்கலாம் என்று அந்த நாட்களில் சிறுபிள்ளைக்கும் தெரியும். சிப்பாய் கதிரையைக் கவிழ்த்தான். காலடியில் மாட்டியிருந்த ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தான். மூன்றாவது மூடி உருண்டு வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தது.

"மேக்க மொகடத?" இது எதற்கு என்று கேட்டான்.

"வாடி வென்ட, மாத்தயா." இருக்கத்தான், ஐயா.

எங்கே போகிறாய் என்றான். படம் பார்க்க என்றாள். சிப்பாய் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான். "படம் போடுற இடத்தில் கதிரை இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"தியெனவா மாத்தயா" என்றாள் பழனியம்மா. "ஏவா மகே நெவெய்." இருக்கிறது, அவை என்னுடையவை அல்ல.

அவனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். என்ன விளங்கியதோ, கதிரையை நிமிர்த்தி, தன் கையாலேயே பஸ் படியில் ஏற்றிவிட்டான். விழுந்த மூடிக்காகக் கொஞ்சம் கானுக்குள்ளும் எட்டிப் பார்த்தான்.

தொடர்மாடியில் கதிரையைக் கீழ்ப்படிக்கட்டின் அடியில் ஒளித்து வைத்தாள். பிறகு நாலு வீட்டு வேலையையும் ஒரு குறை வைக்காமல் முடித்தாள். வேலையில் குறை பிடித்து அதைச் சாட்டாக்கிவிடக் கூடாதல்லவா? தேநீர் போட்டு மூன்று பெரிய பிளாஸ்குகளில் ஊற்றி, கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, மொட்டைமாடி மேசையில் கொண்டுபோய் வைத்தாள். கீழே வந்து முகம் கழுவி, பையில் கொண்டுவந்திருந்த சீலையை உடுத்தாள். சரோஜினிதேவி கொடுத்த சீலை அல்ல அது. அழகுமுத்து தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த, மினுக்கம் கூடிய மஞ்சள் சீலை.

அவள் கதிரையோடு மேலே வந்தபோது வானம் செம்மஞ்சளாய் இருந்தது. கடல் காற்று முகத்தில் அடிக்க வேண்டும் என்று, சனங்கள் கதிரைகளைக் கடலைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். கடல் பக்கத்துத் தண்ணீர்த் தாங்கியில் வெள்ளைக் கட்டில் விரிப்புகள் இரண்டைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் திரை. முன்வரிசையில் பிள்ளைகள் பாயில். பிறகு பிரம்புக் கதிரை, சோபாவிலிருந்து கழற்றிய ஒற்றைக் கதிரை, சாய்வுக் கதிரை என்று வீட்டுக்கு வீடு வரிசை.

பழனியம்மா மூன்றாம் வரிசையின் ஓரத்தில் கதிரையை வைத்தாள். மூடி இல்லாத கால் ஆடியது. அட்டைத்துண்டொன்றை மடித்து அடியில் கொடுத்தாள். இருந்தாள்.

சுற்றியிருந்தவர்களின் கதை நின்றது. எல்லோரும் ஒரேயடியாகப் பேசாமல் போகவில்லை. முதலில் பக்கத்து வரிசை, பிறகு முன் வரிசை, பிறகு பிளாஸ்கடியில் நின்றவர்கள். இரண்டாம் மாடி ஜவாஹிறா மட்டும் சத்தமாய்ச் சொன்னாள்: "அல்லாஹ், பழனியம்மாட சாரி என்ன வடிவு! அந்தக் கதிரையும் சோக்கா இருக்கு. எங்க வாங்கின?"

யோகநாதனின் மனைவி அருந்ததி மெல்ல வந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார், தளர்ந்த மனுசி, மருமகளின் தோளைப் பிடித்தபடி. "பழனி, மாமிக்கு நிக்கேலாது. அந்தக் கதிரையைக் குடுத்திட்டு நீ கீழை இரன்."

நல்ல பொறி. வயது போனவருக்கு இடம் கொடுக்காமல் எப்படி இருப்பது? எழும்பினால் அவ்வளவுதான், அந்தக் கதிரை இனி மாமியின் கதிரை. பழனியம்மாவின் முழங்கால்கள் பழக்கத்தில் தாமாகவே எழும்பப் பார்த்தன. கைகளால் அவற்றை அழுத்திப் பிடித்தாள்.

"உங்க வீட்டுல சாப்பாட்டு மேசையைச் சுத்தி ஆறு கதிரை இருக்குங்களேம்மா. இன்னைக்குத்தான் தொடச்சேன். சாவியைக் குடுங்க, பெரியம்மாவுக்கு நல்ல கதிரையா ஒண்ணு எடுத்தாறேன். இதுல கால் ஆடுது, விழுந்திருவாங்க."

அருந்ததி கைப்பையைத் திறந்தாள். சாவியைக் கொடுத்தாள். பழனியம்மா இரண்டு மாடி இறங்கி ஏறிக் கதிரையைக் கொண்டுவந்து, மாமியை இருத்தி, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய கதிரையில் ஜவாஹிறாவின் கைப்பை இருந்தது. "ஒருத்தரையும் விடல்ல நான்" என்று ஜவாஹிறா கண்ணைச் சிமிட்டிப் பையை எடுத்தாள்.

சரோஜினிதேவி முன்வரிசைப் பிரம்புக் கதிரையிலிருந்து இதையெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டியதும் படம் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். அண்ணன் தம்பி இருவர், அவர்களுக்கு நடுவில் ஒரு காணி வழக்கு, காணியை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று நிற்கும் ஒரு தங்கை. காற்றில் விரிப்பு புடைத்தபோதெல்லாம் வக்கீலின் வயிறு ஊதியது. பிள்ளைகள் கூத்தாடின. பழனியம்மா சிரித்தாள். முதுகு சாய இடமிருக்கும்போது சிரிப்பு வேறு மாதிரி வருகிறது என்பதை அன்றுதான் கண்டாள்.

பத்து நிமிடம் போயிருக்காது. படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம். ரயில் பாதையோரக் காவலில் நின்ற சிப்பாய்கள் இருவர் மேலே வந்தார்கள். தாய்மார் பிள்ளைகளை இழுத்து மடிக்குள் வைத்தார்கள். யோகநாதன் ப்ரொஜெக்டரை நிறுத்தப் போய், பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டார். காணி வழக்கு வெள்ளவத்தை முழுவதும் கேட்டது.

சண்முகலிங்கம் அனுமதிக் கடிதத்தை நீட்டிக்கொண்டு ஓடினார். சிப்பாய் கடிதத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "எளிய முகுதட்ட யனவா" என்றான். வெளிச்சம் கடலுக்குப் போகிறது.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. காற்று வாங்கும் ஆசையில், யுத்த காலத்தில், ஐந்தாம் மாடி உயரத்தில், கடலைப் பார்த்து விட்டுவிட்டு மின்னும் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடலில் நிற்பவனுக்கு அது படமா, சைகையா? சண்முகலிங்கம் தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் பயன்படுத்தி மன்னிப்புக் கேட்டார். சிப்பாய்க்குச் சண்டை பிடிக்கும் எண்ணம் இருக்கவில்லை. மற்றப் பக்கம் திருப்புங்கள் என்று கையைச் சுழற்றிக் காட்டினான். திருப்பும்வரை நிற்பதாகவும் சொன்னான்.

திரை காலி வீதிப் பக்கத்து மதிலுக்குப் போக வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு கதிரையும் தூக்கித் திருப்பிப் போடப்பட வேண்டும். சனங்கள் எழும்பி நின்றார்கள். நின்றவர்கள் நின்றபடியே ஒரு பக்கத்தைப் பார்த்தார்கள். அது யாரைப் பார்த்த பார்வை என்று பழனியம்மாவுக்குத் தெரியும்.

சரோஜினிதேவிதான் வாயைத் திறந்தார். "பழனி, இந்தக் கதிரையளைத் தூக்கி அங்காலை போடு. கெதியா."

முப்பத்து மூன்று வருடமாய் அந்தக் குரலுக்கு, அல்லது அதே போன்ற குரல்களுக்கு, அவளுடைய கைகள் தாமாகவே நீண்டிருக்கின்றன. இப்போதும் நீண்டன. ஆனால் அவை தன் கதிரையின் இரண்டு கையையும் பிடித்தன. தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இதைக் கீழே வைத்துவிட்டு மற்றவற்றைத் தூக்கினால், எல்லாக் கதிரையும் போட்டு முடிந்த பிறகு தனக்கு மிஞ்சப்போவது படி முடிகிற இடம்தான். அது கண்ணுக்கு முன்னால் எழுதி ஒட்டியதைப் போலத் தெரிந்தது.

"என் கைல என் கதிரை இருக்குங்கம்மா" என்றாள்.

குரலில் கோபமில்லை. மழை வருகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

"என்ன கதை கதைக்கிறாள் பாத்தியளே!" என்றாள் அருந்ததி.

"சரியாத்தானே சொல்றா" என்று ஜவாஹிறா தன் கதிரையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆளாளுக்கு ஒண்டு தூக்குங்க. அவன் துவக்கோட பாத்துட்டு நிக்கிறான், இவங்களுக்குக் கதிரைப் பஞ்சாயத்து."

துவக்கு என்ற சொல் வேலை செய்தது. யோகநாதன் தூக்கினார். சண்முகலிங்கம் சாய்வுக் கதிரையை மடிக்கத் தெரியாமல் விரலை நசித்துக்கொண்டார். சற்று நேரத்தில் மொட்டைமாடி முழுவதும் படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தர்கள், காணி உள்ளவர்கள் எல்லோரும் கதிரையும் கையுமாக ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

சரோஜினிதேவி மட்டும் பிரம்புக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். அறுபத்தெட்டு வயதில் அவரால் தூக்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. இளைய சிப்பாய் அதைக் கண்டான். துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "அம்மே, மம கென்னங்", அம்மா, நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் கதிரையைத் தூக்கிக்கொண்டான். அவன் முன்னே நடக்க, அவர் பின்னே நடந்தார். அந்தப் புறம் எங்கே வைப்பது என்று அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். தனியாய் இருந்த ஒரு பெண்பிள்ளை கண்ணில் பட்டாள்: மஞ்சள் சீலை, இரண்டாம் வரிசை, நட்டநடு. வயதானவருக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்திருப்பான். பிரம்புக் கதிரையை வயர்க் கதிரைக்குப் பக்கத்தில் ஒட்ட வைத்து, இருங்கள் என்று கைகாட்டினான்.

பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்ன செய்வது? சரோஜினிதேவி இருந்தார்.

படம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சிப்பாய்கள் படிமுடியில் நின்று கொஞ்சம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். இரண்டு கதிரைகளின் கைகளும் முட்டிக்கொண்டிருந்தன; அவற்றில் கை வைக்கப் பழனியம்மாவுக்கும் கூச்சமாக இருந்தது, சரோஜினிதேவிக்கும் கூச்சமாக இருந்தது.

இடைவேளை விட்டதும் சரோஜினிதேவி நேரே பார்த்தபடி, "தேத்தண்ணி" என்றார்.

"எல்லாம் ஊத்தி வச்சிருக்கேம்மா. பிளாஸ்க்கு மேசையில இருக்கு. படம் முடியட்டும், மிச்ச வேலையெல்லாம் நானே செஞ்சுட்டுப் போறேன். முடியிறவரைக்கும் எந்திரிக்கிறதில்லன்னு இருக்கேன்."

"நேர்த்தியோ?"

"அப்படித்தான் வச்சுக்கங்க."

நேர்த்திக்கடனுக்கு எதிராக என்ன பேசுவது? சண்முகலிங்கம் நசிந்த விரலோடு தேநீர் ஊற்றினார். பாதி தட்டில், பாதி கோப்பையில். சீனி போதாது என்று குறை சொன்னவரும் அவரே.

இரண்டாம் பாதியில் படம் சூடு பிடித்தது. அண்ணன் தம்பிமார் தங்கையை வீட்டை விட்டுத் துரத்தினார்கள். அவள் காணியின் எல்லை வேலியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். பழனியம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சரோஜினிதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னையறியாமல் இந்தப் பக்கம் சாய்ந்தார். "நான் முந்தி யாழ்ப்பாணத்திலை பாத்தனான். இவள் கடைசியிலை என்ன செய்வாள் தெரியுமே..."

"சொல்லாதீங்கம்மா!"

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அவருக்குக் கட்டளை இட்டிருந்தாள். சரோஜினிதேவி திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு, வகுப்பில் பிடிபட்ட மாணவி மாதிரி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பேசாமல் பார்த்தார்.

தங்கை என்ன செய்தாள் என்பதைப் பழனியம்மா கண்ணால் கண்டாள். பிறகு திரை முழுவதும் பெரிய எழுத்தில் "வணக்கம்" என்று வந்தது. சனங்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவள் விளக்குப் போடும் வரை இருந்தாள். அதற்குப் பிறகு எழும்பி, சொன்னபடி கோப்பைகள் அத்தனையும் கழுவிக் கவிழ்த்தாள். கதிரையைப் படிமுடியில் மழை படாத இடத்தில் வைத்துவிட்டு, ஜவாஹிறாவின் தம்பியுடைய ஓட்டோவில் கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தாள்.

அழகுமுத்து சந்தியிலேயே காத்து நின்றான். அவள் வெறுங்கையோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, சொன்னேனே. புடுங்கிக்கிட்டாங்களா?" என்றான்.

"ஒருத்தரும் புடுங்கல. அது அங்கேயே நிக்கும். நாளையிலிருந்து அதுக்கும் அங்க வேலை."

மறுநாள் காலை மூன்றாம் மாடிக் கதவு பாதிதான் திறந்தது. "நாங்கள் வேறை ஆள் பாத்திட்டம்" என்றாள் அருந்ததி. பழனியம்மா ஒரு கணம் கதவு நிலையைப் பார்த்தாள். அந்தப் பித்தளைக் கைப்பிடியை எத்தனை நாள் துலக்கியிருப்பாள். "சரிங்க. பெரியம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள். நாலு வீடு மூன்றாயிற்று. இனி அது எத்தனையாகும் என்பது அடுத்த கதவில்தான் தெரியும்.

அவள் நேரே அந்தக் கதவுக்குப் போகவில்லை. மொட்டைமாடிக்கு ஏறினாள். கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, சரோஜினிதேவி வீட்டுக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள். வெங்காயக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதிரையில் இருந்தபடி உரிக்கத் தொடங்கினாள்.

சரோஜினிதேவி குசினி வாசலில் வந்து நின்றார். வழக்கமாய்ப் பழனியம்மா படம் பார்க்கச் சாயும் அதே கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"அருந்ததி நிப்பாட்டிப்போட்டாளாம்."

"ஆமாங்க."

"காலமை போன் எடுத்துச் சொன்னவள். என்னையும் நிப்பாட்டச் சொல்லுறாள். நான் என்ன செய்யவேணும் எண்டு நீ நினைக்கிறாய்?"

பழனியம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். எழும்பவில்லை. "நீங்க நிப்பாட்டுனா கதிரையை எடுத்துக்கிட்டுப் போயிருவேன். நிப்பாட்டலைன்னா நானும் இருப்பேன், இதுவும் இருக்கும். ஒண்ண வுட்டுட்டு ஒண்ணு மட்டும் இருக்காதுங்கம்மா."

வெளியே கரையோர ரயில் ஒன்று கடந்து போனது. சரோஜினிதேவி கதிரையின் கால்களைப் பார்த்தார்; வயர்ப் பின்னலைப் பார்த்தார்; குசினியின் அகலத்தைப் பார்த்தார்.

"வாசலுக்கு நேரை ஏன் போட்டு வைச்சிருக்கிறாய்?" என்றார் எரிச்சலோடு. "ஆக்கள் தடக்கி விழுறதுக்கோ? யன்னலடிக்கு இழு. அங்கை காத்தும் வரும்."

பழனியம்மா யன்னலடிக்கு இழுத்துப் போட்டு, திரும்பவும் அதில் இருந்தாள்.

"வெங்காயம் இன்னும் நாலைஞ்சு கூட உரி. இண்டைக்குப் பருப்பு" என்று சொல்லிவிட்டு சரோஜினிதேவி உள்ளே போனார்.